கடைசியில் விட்டது யார் வாய்ஸ்

சமுதாய நலக் கூடத்து மின்விசிறி டக்கு டக்கு கிர்ர் என்றது, டக்கு டக்கு கிர்ர், மூன்றாவது டக்கு வரும் என்று காதை நீட்டினால் வராது, பதிலுக்கு ஒரு இழுவை, படியேறி வந்த சீக்காளி மூச்சு வாங்குவது மாதிரி, ஜெபஸ்டின் நாக்கை அண்ணத்தில் ஒட்டி உதட்டைத் திறக்காமலே அதைச் செய்து பார்த்தான், வந்துவிட்டது, அவனுக்கு எதுவும் வந்துவிடும், குக்கர் விசில், மீன்காரம்மா கூவல், பூசை நடுவில் பங்குச்சாமி இருமுகிற இருமல், கெமிஸ்ட்ரி சார் மூக்கால் சொல்கிற சோடியம், பதினேழு வயதுக்குள் இந்தத் தெருவில் அவன் தொண்டைக்குள் போய் உட்காராத ஆள் கிடையாது, ஒரே ஒரு ஆளைத் தவிர, சரி, அது வேண்டாம், இப்போது அதை நினைக்க வேண்டாம், இப்போது நினைக்க வேண்டியது மூன்றே மூன்று வாக்கியம். வரியை ஏத்துங்க. ஓடையைத் தோண்டுங்க. மழை வந்தா எங்க அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி வேணும். அவ்வளவுதான், இதற்கு என்ன ஒத்திகை, ஆனால் காலையிலிருந்து ஒத்திகை பார்க்கிறான், முதல் வாக்கியத்தை எடுத்தாலே கவுன்சிலர் கோயில்பிச்சை அண்ணாச்சி வந்து விடுகிறார், அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே என்று கரகரப்போடு, அவரைத் துரத்தினால் ரேடியோவில் வானிலை வாசிக்கிற அம்மா, அவளையும் துரத்தினால் கெமிஸ்ட்ரி சார், குழாயைத் திறந்தால் அடுத்த வீட்டுத் தண்ணீர் வருகிற மாதிரி. மேடையில் மாநகராட்சிப் பொறியாளர் சாந்தாமணி நின்று பேசிக்கொண்டிருந்தாள், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரி, வார்டு ஜனங்கள் கை தூக்கி முடிவு சொல்கிற பகுதி சபைக்கு வந்திருக்கிற கூட்டத்தைப் பார்த்து அவள் சொன்ன முதல் ‘ஏனுங்க’வுக்கே பின்வரிசைப் பையன்கள் ஜெபஸ்டினைத் திரும்பிப் பார்த்தார்கள், பிடிச்சிட்டியாலே என்று, பிடித்தாகிவிட்டது, எப்போதோ. “ஏனுங்க, நாங்க வீட்டு வரிய ஏத்துறது எங்க சம்பளத்துக்கு இல்லீங்க. பருவம் மாறிப்போச்சுங்க. முன்ன ஒரு மாசத்துல பேஞ்ச மழை இப்ப ஒரே நாள்ல கொட்டுது. வெயிலும் அப்படித்தானுங்க. ஏத்துற வரி பூராவும் தனிக் கணக்குல நிக்கும், ஓடையத் தோண்ட, கடலுக்குத் தண்ணி தள்ளுற மோட்டாருக்கு, உப்பளத்துல நிழல் கொட்டகை போட, மரம் வைக்க. எந்தப் பகுதி சபை சம்மதிச்சுக் குடுக்குதோ அங்கதான் மழைக்கு முந்தி வேலை தொடங்குமுங்க. இல்லைன்னு போச்சுன்னா மிசினு வேற வார்டுக்குப் போயிரும்.” மிசினு. அந்தக் கடைசி உகரத்தை அவள் உதடு குவித்து விடுகிற அழகு, ஜெபஸ்டினுக்கு உள்ளே குபுக்கென்று சிரிப்பு பொங்கியது, உடனே வெட்கமாகவும் இருந்தது, கடலில் விழுந்தவனுக்குக் கயிறு எறிகிறாள் ஒருத்தி, இவன் கயிற்றின் முறுக்கை ரசித்துக்கொண்டிருக்கிறான்.

மேடைக்குப் பின்னால் வெள்ளைத் திரையில் படம் காட்ட வேண்டிய இயந்திரம் நீல நிறத்தை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது, தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் வெள்ளம் மாதிரிதான், முத்துமாலை அண்ணாச்சி எழுந்துவிட்டார், எழுவார் என்று தெரியும், நாலாந்தெருவில் மூன்று வீடு அவருக்கு, அதில் நடுவீட்டில்தான் ஜெபஸ்டினும் அம்மாவும் குடியிருக்கிறார்கள், லாரியிலிருந்து இறங்குகிற நாட்களில் அப்பாவும். “யம்மா இன்ஜினியரு, நீங்க படிச்சவிய, நல்லாத்தான் பேசுதீய. போன தடவ ஏத்துன வரிக்கு என்னத்தக் கண்டோம்? ஓடைக்குள்ள ஒரு பலகை நட்டானுவ, குப்பை கொட்டாதீர்னு. அந்தப் பலகையே இப்ப குப்பையாக் கெடக்கு.” கூடம் கொல்லென்று சிரித்தது. “வரி எனக்கு ஏறுனா நான் வாடகைய ஏத்தணும். ஏத்துனா நம்ம சீலி என்ன செய்வா? அந்தப் புள்ள கையில ஊசி குத்திக்கிட்டுக் கெடக்குது, அவட்ட போயி நான் வாடகை கேட்கவா?” சீலி என்றால் பாக்கியசீலி, ஜெபஸ்டினின் அம்மா, கூட்டத்தில் பாதி முகம் இவன் பக்கம் திரும்பியது, இரக்கம் என்பது ஒரு வெளிச்சம் மாதிரி முகத்தில் வந்து அடிக்கிறது, கண் கூசுகிறது. அவர் சொல்வதில் பொய் இல்லை, அதுதான் சிக்கல், பொய்யாக இருந்தால் அவர் குரலிலேயே பேசி அவரை நாறடித்திருக்கலாம், வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்து, ‘யம்மா இன்ஜினியரு’, இரண்டே நிமிஷம் போதும், ஆனால் போன வெள்ளத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று அம்மாவைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனது இந்த மனுஷன்தான், லாரி டயர் ட்யூபை நாலு காலிலும் கட்டி, ‘பயப்படாத சீலி, பயப்படாத, நாம கடலுக்கா போறோம், ஆஸ்பத்திரிக்குத்தான போறோம்’ என்று சொல்லிச் சொல்லி, தண்ணீருக்குள் எதுவோ காலைக் கிழித்து அவர் போன வழியெல்லாம் சிவப்பாகக் கரைந்துகொண்டே வந்தது, இன்னொரு வெள்ளம் வந்தால் இன்னொரு தடவையும் தள்ளுவார், சத்தியமாகத் தள்ளுவார், உயிரைக் கொடு என்றால் கொடுப்பார், வரியைக் கொடு என்றால் மாட்டார், இப்படிப்பட்ட மனுஷனை வைத்துக்கொண்டு ஒரு ஊர் என்ன செய்யும். அந்தக் கட்டில்கூட மூன்றாம் நாள்தான். முதல் நாளே ஜெபஸ்டின் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டான், சொந்தக் குரலில், சார் எங்கம்மாக்கு டயாலிசிஸ் சார், போகாட்டா மூச்சு முட்டும் சார், அவர்கள் பெயரைக் கேட்டார்கள், தெருவைக் கேட்டார்கள், வரிசையில வருவோம் தம்பி என்றார்கள், அந்த வரிசை அவன் கண்ணுக்குத் தெரிந்தது, தண்ணீரில் நனைந்த எறும்பு வரிசை. அப்புறம்தான் அந்த யோசனை, என்ன மூளை, என்ன மூளை என்று தன்னையே மெச்சிக்கொண்டான், தொண்டையைச் செருமிக் கரகரப்பை இறக்கி, “ஏப்பா, நான் கவுன்சிலர் கோயில்பிச்சை பேசுதேன், ஒரு பொம்பளைக்கு ரொம்ப முடியல, நாலாந்தெருவுக்கு உடனே ஒரு போட்டு அனுப்புங்க.” “அண்ணாச்சி, இந்தா கெளம்பிட்டோம் அண்ணாச்சி.” கெளம்பிட்டார்கள். ஆரஞ்சு நிறப் படகு தெருமுனையில் வந்ததை அவனே மாடியிலிருந்து பார்த்தான், கையை ஆட்டினான், சட்டையைக் கழற்றி ஆட்டினான், அது நாலாந்தெருவைத் தாண்டி நேராகப் போய்க் கோயில்பிச்சை அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்றது, கவுன்சிலர் முடியலை என்று சொல்கிற பொம்பளை கவுன்சிலர் வீட்டுப் பொம்பளை அல்லாமல் வேறு யாராக இருக்க முடியும், அண்ணாச்சி பதற்றத்தில் தெருவை மாற்றிச் சொல்லியிருப்பார், வீடு எங்களுக்குத் தெரியாதா என்று போயிருக்கிறார்கள், அந்தம்மாவும் ஏதோ ஏற்பாடு போல என்று ஏறிக்கொண்டாள், மடியில் இரண்டு பொமரேனியன் குட்டிகள், படகு இவன் வீட்டு வழியாகத்தான் திரும்பிப் போனது, குட்டிகள் இவனைப் பார்த்துக் குரைத்தன. அந்தக் குரைப்பும் அவனுக்கு வரும். அவ்வளவு நன்றாக வரும், கேட்டால் நாயே ஏமாந்துவிடும்.

டக்கு டக்கு கிர்ர். மூன்றாம் நாள் அம்மா நெஞ்சிலிருந்து வந்தது இந்தச் சத்தம்தான், ஆமாம், இதேதான், வந்ததிலிருந்து எங்கே கேட்டோம் எங்கே கேட்டோம் என்று குடைந்துகொண்டிருந்தது இதுதான், வெளியே எவ்வளவு தண்ணீரோ அவ்வளவு உள்ளேயும், கால் வீங்கி, முகம் வீங்கி, கண் சிறுத்து, கடைசியில் நுரையீரலுக்குள் ஏறி, மடித்த தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடி அம்மா சொன்னாள், ஓடைக்கு வந்த சீக்குதான் எனக்கும், அடைச்சிக்கிட்டு, போக வழியில்லாம நிக்கி என்று, சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனாள், சிரிப்பு பாதியில் குமிழியாக உடைந்தது. நல்ல நாளில் பிரச்சினை தலைகீழ். வெயில் நாளில் அவளுக்குத் தாகம், ஆனால் குடிக்கக் கூடாது, ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில்தான் டாக்டர் கணக்கு, இரண்டு ஐஸ்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு தெருவில் தண்ணி லாரி போகிற சத்தத்தை அவள் கேட்கிற கேட்பு, ஜெபஸ்டின் பின்கட்டுக்குப் போய்ச் சத்தம் வராமல் தண்ணீர் குடிப்பான், திருடித் தின்கிறவன் மாதிரி, விழுங்குகிற சத்தம்கூட வரக் கூடாது, எல்லாச் சத்தமும் தெரிந்தவனுக்குச் சத்தம் வராமல் விழுங்க இன்னும் சரியாகத் தெரியவில்லை. ஐப்பசி பிறந்தும் இந்த வெயில். இன்றைக்கும் அம்மா அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள், மத்தியானம் போய்க் கூட்டிவர வேண்டும், காலையில் பஸ்ஸில் ஏற்றிவிட்டபோது சொன்னாள், எய்யா, அங்க போயி கிறுக்குத்தனம் பண்ணாம ஒழுங்காப் பேசு, என்ன, எய்யா. அந்த எய்யா. முதல் எழுத்தில் ஒரு அமுக்கு, கடைசியில் கொஞ்சம் மேலே ஏறி, பாதி கேள்வி, பாதி, வேண்டாம் என்றோமே, வேண்டாம். இரண்டு வரிசை முன்னால் சொர்ணம் அக்கா உட்கார்ந்திருக்கிறாள், அவள் முதுகைப் பார்த்தாலும் வேண்டாம் என்றுதான் இருக்கிறது. அவள் புருஷன் ராயப்பன் சித்திரை வெயிலில் உப்பளத்தில் உப்பை இழுத்துக் கூட்டுகிற வாரியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, பாத்தியில் நீர் வற்றுகிற மாதிரி மனுஷன் வற்றிவிட்டார், நிழல் என்று ஒரு கீற்றுக்கூட இல்லாத இடம், அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த கூட்டத்தில் யாரோ விளையாட்டுப் போல, ஏலே ஜெபஸ்டின், ராயப்பன் மாதிரி ஒண்ணு விடுலே, அவன் இருந்தா ஆசையா ரசிப்பான்லா என்று சொல்ல, இவனும் மடத்தனமாக, புகழுக்கு ஆசைப்பட்டு, “ஏ சொர்ணம், தண்ணி கொண்டா” என்றான். சொர்ணம் அக்கா அடுப்படியிலிருந்து செம்போடு ஓடி வந்தாள். நிஜமாகவே செம்போடு. வந்து நின்று, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல், பிறகு இவனிடம் நீட்டி, இன்னொரு தடவ சொல்லு தம்பி என்றாள். இப்போதும் அவ்வப்போது வருகிறாள், காரணம் எதுவும் சொல்லாமல் வாசலில் நிற்பாள், இவன் சொல்வான், ஏ சொர்ணம், தண்ணி கொண்டா, அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள், அம்மா உள்ளேயிருந்து ஒன்றும் கேட்கமாட்டாள். அன்றைக்குத்தான் அவனுக்கு விளங்கியது, ஒரு குரலை எடுத்து வைப்பது எதற்கு என்று, கடைசியில் அது யாருக்கு உதவும் என்று, அன்றிலிருந்து அம்மா பேசும்போது தொண்டையைப் பூட்டிக்கொள்கிறான், கேட்கலாம், பிடிக்கக் கூடாது, பிடித்துவிட்டால் ஆள் போனாலும் குரல் இருக்கும் என்று ஆகிவிடும், குரல் இருந்தால் போதும் என்று எங்கேயோ யாரோ கணக்கை முடித்துவிடுவார்கள். பைத்தியக்காரத்தனம்தான். காலையில் கண் விழித்ததும் அம்மாவின் இடது கையில் காதை வைத்துப் பார்ப்பதும் பைத்தியக்காரத்தனம்தான், ஊசி போடுவதற்காக ரத்தக்குழாயை இணைத்துத் தைத்த இடத்தில் விர்ர் என்று ஓடும், பூனை உறுமுகிற மாதிரி, ஓடினால் அன்றைக்கு நாள் உண்டு.

“ஏலே, படமும் ஓட மாட்டேங்கு, டீயும் வர மாட்டேங்கு,” என்று கோயில்பிச்சை அண்ணாச்சி மைக்கைத் தட்டினார், கூட்டம் நெளிய ஆரம்பித்திருந்தது, இரண்டு மூன்று பேர் செருப்பைத் தேடினார்கள், ஆள் குறைந்தால் சபை செல்லாது, “எந்திரிக்காதிய, எந்திரிக்காதிய, நம்ம ஜெபஸ்டின் எங்க? ஏ மக்கா, இங்க வா, டீ வாற வரைக்கும் ரெண்டு வாய்ஸ் விடு, கூட்டம் கலைஞ்சிரும்லா.” பின்வரிசை விசில் அடித்தது. வந்துவிட்டது, மைக் தானாகவே வந்துவிட்டது, இப்படி வரும் என்று நினைக்கவில்லை, கால் எழுந்துவிட்டது, மனசு இன்னும் நாற்காலியில்தான். முதலில் சிரிக்க வைத்துவிடுவோம், சிரிக்கிற கூட்டம் காது கொடுக்கும், அப்புறம் அந்த மூன்று வாக்கியம், நல்ல திட்டம், என்ன மூளை. மைக் கையில் வழவழவென்று யாருடைய வியர்வையோ. “அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே,” அண்ணாச்சியே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “யம்மா இன்ஜினியரு, நீங்க படிச்சவிய,” முத்துமாலை அண்ணாச்சி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். “மிசினு வேற வார்டுக்குப் போயிருமுங்க,” சாந்தாமணி ஒரு கணம் அடிபட்ட மாதிரி பார்த்து, பிறகு மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள், அவள் சிரித்தது மற்ற எல்லாச் சிரிப்பையும்விடக் கஷ்டமாக இருந்தது. பொமரேனியன். குக்கர். பங்குச்சாமி இருமல். கூடம் ஒரே அலையாக எழுந்து விழுந்தது, வியர்வையும் சிரிப்புமாக ஒரு பெரிய மிருகம், மின்விசிறி சத்தம்கூட மறைந்துபோனது, இதுதான் நேரம், இப்போதே, நிறுத்தினான். நிறுத்தியதும் தொண்டைக்குள் யாருமே இல்லை. திறந்து போட்ட கூடம் மாதிரி காலி. இவ்வளவு நாள் எல்லாருக்கும் வாடகைக்கு விட்ட வீட்டில் தனக்கென்று ஒரு அறை எங்கே இருந்தது என்று தேடுகிறவன் போல அவன் வாயைத் திறந்தபடி நின்றான். பிறகு ஒன்று வந்தது, மெலிசாக, கொஞ்சம் உடைந்து, இதுவா, இதுதானா நான். “வரியை ஏத்துங்க,” என்றான். “ஓடையைத் தோண்டுங்க. வாடகை ஏறுனா ஏறட்டும், நான் சாயங்காலம் வேலைக்குப் போயிக் கொடுக்கேன். மழை வந்தா எங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி வேணும். போன தடவ மூணு நாளு. இன்னொரு தடவ தாங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. முத்துமாலை அண்ணாச்சி, நீங்க தள்ளிட்டுப் போவீய, எனக்குத் தெரியும். ஆனா அது வரைக்கும் அவ இருக்கணும்லா.” கூடம் அமைதியாக இருந்தது. ஒரு மூச்சு அளவுக்கு அமைதியாக இருந்தது, ஜெபஸ்டினுக்கு நெஞ்சுக்குள் எதுவோ அவிழ்ந்தது, கேட்டுவிட்டது, கேட்டுவிட்டார்கள், சொர்ணம் அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்திருக்கிறாள், சாந்தாமணி கையைக் கட்டிக்கொண்டு அசையாமல், அப்போது பின்வரிசையிலிருந்து ஒருத்தன் நாற்காலி மேலேயே ஏறி நின்று கத்தினான், “ஏலே, யாரு வாய்ஸ்லே இது?” “நம்ம போஸ்ட்மேன்லா!” “இல்லலே, போஸ்ட்மேனுக்குக் கட்ட வாய்ஸு. இது கோயிலுக்குப் புதுசா வந்த சின்னச் சாமி, அழுதுக்கிட்டே பிரசங்கம் வைப்பாருல்லா, அவரு.” “அவரேதான்! அச்சு அசல்!” கைதட்டல் கூரையில் மோதித் திரும்பியது. இல்லை என்றான் அவன், இது நான்தான் என்றான், “பாருலே, இன்னும் அதே வாய்ஸுலயே பேசுதான்,” கைதட்டல் கூடியது, முத்துமாலை அண்ணாச்சி எழுந்து வந்து அவன் தோளை இறுக்கிப் பிடித்து, கண்ணில் நிஜமாகவே தண்ணீர், “பொல்லாத பயலே, அம்மாவ வச்செல்லாம் வெளையாடக் கூடாதுலே,” என்றார்.

டீ வந்தது. டீ வந்துவிட்டால் எந்தக் கூட்டமும் முடிந்த மாதிரிதான், கோயில்பிச்சை அண்ணாச்சி அவசரமாக மைக்கை வாங்கி, சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டே, சரி, சட்டுப்புட்டுன்னு முடிப்போம், வரி ஏத்த சம்மதம்னா கையத் தூக்குங்க என்றார், தொண்டை மாறிவிட்டது, அலுவல் குரல். முதலில் ஒன்றும் இல்லை. காகித டம்ளர் பிடித்த கைகள், விசிறிக்கொள்கிற கைகள். சொர்ணம் அக்காவின் கை எழுந்தது, தோள்வரைக்கும் எழுந்து, பக்கத்தில் நின்ற, தன்னிடம் வாடகை வாங்குகிற வீட்டுக்காரம்மாவைப் பார்த்து, அப்படியே பின்னந்தலைக்குப் போய்க் கொண்டை ஊசியைச் சரி செய்துவிட்டு இறங்கியது. ஜெபஸ்டின் கையைத் தூக்கினான், நேராக, பள்ளிக்கூடத்தில்கூட அப்படித் தூக்கியதில்லை. “ஓட்டுப் போடுற வயசு வந்துட்டாலே ஒனக்கு?” என்றார் கோயில்பிச்சை அண்ணாச்சி, கேலியாக இல்லை, பாசமாகத்தான், “அடுத்த வருசம் தூக்கு மக்கா.” கூடம் கடைசியாக ஒரு தடவை சிரித்துக்கொண்டது. சாந்தாமணி நீலத் திரையை அணைத்தாள், வெள்ளைத் துணி வெள்ளைத் துணியாகவே தொங்கியது, அவள் பையை மாட்டிக்கொண்டு போகிற வழியில் அவன் முன்னால் நின்றாள். “தம்பி, கடைசியில பேசுனீங்களே,” என்று ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்து, என்ன பார்த்தாளோ, “அம்மாவப் பாத்துக்குங்க கண்ணு,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள், ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது, அதுவும் வரும், முதலில் ஒரு இருமல், பிறகு உறுமல், பிறகு தேய்ந்து தேய்ந்து, மிசினு வேற வார்டுக்கு. யாரோ ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் திணித்தார்கள், தொண்டை வறண்டிருக்கும் குடிலே, அவன் பழக்கத்தில் சத்தம் வராமல் விழுங்கினான், இந்தத் தடவை சத்தமே வரவில்லை, கற்றுக்கொண்டுவிட்டான் போலிருக்கிறது. வெளியே போகிறவர்கள் ஒவ்வொருவராக முதுகில் தட்டினார்கள், கடைசியில விட்டியே, அதான் டாப்பு. மழை இன்னும் வரவில்லை, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, வரும், ஐப்பசியில் இல்லாவிட்டால் கார்த்திகையில், ஓடையில் அந்தப் பலகை கிடக்கிற இடத்தில் சுழித்து, தெருமுனை, படி, கட்டில் கால். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், அம்மா கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், ஒழுங்காப் பேசுனியா என்பாள். கூடம் காலியாகி, நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுகிற சத்தமும் ஓய்ந்து, மின்விசிறி மட்டும் மிச்சம், டக்கு டக்கு கிர்ர். அதன் அடியில் அவன் உட்கார்ந்தான். தொண்டையில் இத்தனை மாதம் போட்டு வைத்திருந்த பூட்டை மெதுவாகத் தொட்டுப் பார்த்தான். இப்போது தொடங்கினால்தான் மழைக்கு முன்னால் சரியாக வரும், ஆளைப் பக்கத்தில் வைத்துக் கேட்டுக் கேட்டுத் திருத்தினால்தான் பிசகாமல் நிற்கும், ராயப்பனுடையது அவசரத்தில் எடுத்தது, கடைசி எழுத்தில் கொஞ்சம் பிசிறு உண்டு, சொர்ணம் அக்கா பாவம் கண்டுகொள்வதில்லை. முதல் எழுத்தில் ஒரு அமுக்கு. கடைசியில் கொஞ்சம் மேலே ஏற வேண்டும், பாதி கேள்வி மாதிரி. சுற்றிப் பார்த்தான், ஒருவரும் இல்லை. “எய்யா,” என்றான். இல்லை, இவ்வளவு கனம் கூடாது, அவளுக்கு மூச்சு அவ்வளவு இல்லை. “எய்யா.” கொஞ்சம் நெருங்கி வந்தது.